பாப்அப் கேம்பருக்குள் பொடிப்பூச்சி: வலையை மாற்றும் முன் இடுக்கைப் பாருங்கள்

கேட்கப்பட்டது இதுதான். ஓசூரில் ஒரு குடும்பம் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற பாப்அப் கேம்பர் வைத்திருக்கிறது. கூரையைத் தூக்கி, முன்னும் பின்னும் படுக்கைப் பலகையை இழுத்து, துணிக்கூடாரம் விரிக்கிற வகை. பாரூர் ஏரிப் பக்கமும் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கமும் தெரிந்தவர் தோப்பில் நிறுத்தித் தங்குகிறார்கள். எல்லா ஜன்னலிலும் கொசுவலை இருக்கிறது. ஆனாலும் விடிந்து பார்த்தால் கை, கழுத்து, காது மடல் எல்லாம் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளி, தாங்காத அரிப்பு. கொசு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நெருக்கமான வலை வாங்கி மாட்டினால் போதுமா என்கிறார்கள்.

வலை வேண்டும்தான். ஆனால் அதை முதலில் வாங்கினால் காசும் போய், கடியும் நிற்காது. இப்படிக் கடிக்கிற பொடிப்பூச்சி வலைக்கண் வழியாக வருவதைவிடக் கூடாரத்தின் இடுக்குகள் வழியாகக் காற்றோடு சேர்ந்து உள்ளே வருவதுதான் அதிகம். அந்தக் காற்றை உள்ளே இழுப்பது பல நேரம் நாமே ஓடவிடுகிற எக்ஸாஸ்ட் ஃபேன்.

கடிப்பது எது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் விளக்கெண்ணெயை மெல்லியதாகத் தடவி, இரவு உள்ளே எரிகிற சின்ன விளக்குக்குக் கீழே வையுங்கள். காலையில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் ஒட்டியிருக்கும். ஃபோன் கேமராவைக் கிட்டே வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உடல் 1 முதல் 3 மி.மீ. நீளம், சற்றுக் கூனல், இறக்கை முதுகின் மேல் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, அதில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது கியூலிகாய்டஸ் என்கிற மிகச் சிறிய கடி ஈ வகை. ஆடு வளர்ப்பவர்களுக்கு இதன் வேலை நன்றாகத் தெரியும். செம்மறிக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருவது இதுதான். அந்த நோய் மனிதருக்கு வராது, அதில் பயம் வேண்டாம். இறக்கையை 'வி' போல உயர்த்தி வைத்துக்கொண்டு, உடலெல்லாம் மயிர் படர்ந்து, பறப்பதைவிடத் தத்தித் தாவினால் அது மணல் ஈ. ஒகேனக்கல் பக்கம் ஓடுகிற தண்ணீருக்கு அருகில் பகலில் கடித்து ரத்தப் பொட்டு விடுவது கருப்பு ஈ. அது கூடாரத்துக்குள் வந்து கடிப்பது அபூர்வம். மூன்றையும் இங்கே பொடிப்பூச்சி என்றே சொல்கிறேன், ஏனென்றால் தடுப்பு ஒன்றுதான்.

தட்டில் எதுவுமே ஒட்டவில்லை, கடி மட்டும் வரிசையாக மூன்று நான்காக இருக்கிறது என்றால் வலையை விடுங்கள், மெத்தையின் தையல் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் மடித்து வைத்த கேம்பரில் மூட்டைப்பூச்சி குடியேறுவது புதிதல்ல.

இனி இடுக்கு தேடுவது. வீட்டு வாசலிலேயே செய்யலாம், ஏரிக்கரைக்குப் போக வேண்டியதில்லை. நிலா இல்லாத இரவில் கேம்பரை முழுதாக விரித்து, ஜன்னல்களின் பிளாஸ்டிக் மறைப்பை எல்லாம் மூடி, உள்ளே தரையில் ஒன்றும் கூரைக்குக் கிட்டே ஒன்றுமாக இரண்டு பளிச்சென்ற விளக்கு போடுங்கள். ஒருவர் வெளியே சாக்பீஸோடு சுற்றி வரட்டும். வெளிச்சக் கீற்று தெரிகிற இடத்திலெல்லாம் கோடு போடட்டும். குனிந்து வண்டியின் அடிப்பக்கமும் பார்க்க வேண்டும். பாதி ஓட்டை அங்கேதான் இருக்கும். அடுத்து ஊதுபத்திச் சோதனை. எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, உள்ளிருந்தபடியே துணி ஓரங்களை ஒட்டி ஊதுபத்தியை மெதுவாக நகர்த்துங்கள். நேராக மேலே போகிற புகை எந்த இடத்தில் சட்டென்று உங்கள் பக்கம் வளைகிறதோ, அங்கே வெளிக்காற்று வருகிறது. துணியில் நெருப்பு படாமல் ஒரு சாண் தள்ளியே பிடியுங்கள். வளைந்து வளைந்து வருகிற இடுக்கில் வெளிச்சம் வெளியே தெரியாது, புகை காட்டிக்கொடுத்துவிடும்.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது நான்கு இடங்கள். முதலாவது, படுக்கைப் பலகையின் மூலைகள். கூடாரத் துணி பலகையைச் சுற்றி இறங்கி, அடியில் எலாஸ்டிக் கயிறாலோ வெல்க்ரோவாலோ பிடிக்கப்பட்டிருக்கும். நேர்ப் பக்கங்களில் சரியாக இருக்கும், மூலை திரும்பும்போது வெல்க்ரோ அறுபட்டு இரண்டு மூன்று விரல் போகிற மடிப்பு விழும். குஷன் கடையில் அதே மாதிரித் தடித்த துணியில் 'எல்' வடிவத் துண்டு வெட்டி, 5 செ.மீ. அகல வெல்க்ரோ வைத்துத் தைத்து, மூலையை உள்பக்கம் மூடச் சொல்லுங்கள். தையல்தான் வேண்டும். பசை ஒட்டிய வெல்க்ரோ சித்திரை வெயிலில் ஒரே வாரத்தில் இளகி வழியும். பிறகு அந்தப் பிசினைச் சுரண்டி எடுப்பது தனி வேலை.

இரண்டாவது கதவு. மேல்பாதியும் கீழ்பாதியும் சேருகிற கோடு, நிலைப்படி, துணி கதவுச் சட்டத்தோடு சேருகிற பக்கவாட்டு. ஒரு செய்தித்தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அங்கே 'டி' வடிவ ரப்பர் பீடிங் ஒட்ட வேண்டும். ஒட்டும் முன் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். பீடிங் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். அதற்கு மேல் தடிமனாகப் போட்டால் தாழ்ப்பாள் சிக்கென்று விழாது, ஒரு மாதத்தில் கதவே வளைந்து இடுக்கு பெரிதாகும்.

மூன்றாவது, தரை. கரண்ட் வயர் நுழையும் ஓட்டை, சிங்க் தண்ணீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டிக் குழாய். நிரந்தரமாக இருக்கிற வயர், குழாயைச் சுற்றி எம்-சீலோ சிலிக்கானோ போட்டு அடைக்கலாம். சிங்க் குழாயின் வெளி முனையை 'யு' போல வளைத்துக் கட்டினால் தேங்கி நிற்கிற தண்ணீரே கதவாகிவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கேஸ் அடுப்புள்ள கேம்பரில் தரையோரமாக வேண்டுமென்றே விட்டிருக்கும் காற்றுத் துளைகளை அடைக்கவே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் படியும், வெளியேற வழி அதுதான். அந்தத் துளைகளின் மேல் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பிவலைத் துண்டை வைத்து ஸ்குரூ போடுங்கள். மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். ஃபிரிட்ஜின் பின்பக்கக் காற்று வழிக்கும் இதேதான்.

நான்காவது, கூரையைத் தூக்குகிற தூண்கள் ஏறி இறங்கும் துவாரம். அதை நிரந்தரமாக அடைக்க முடியாது. கூரையைத் தூக்கிய பிறகு செருகி, இறக்கும் முன் எடுக்கிற மாதிரி ஸ்பாஞ்ச் கட்டைகள் நான்கு வெட்டி வையுங்கள். எடுக்க மறந்து கூரையை இறக்கினால் கூரையைத் தூக்குகிற கேபிள் சிக்கும். ஸ்பாஞ்சுகளைச் செருகியதும் கூரையைச் சுற்றி இறக்குகிற கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். ஸ்பாஞ்சு நான்கும் கைக்கு வந்த பிறகுதான் அதை அவிழ்ப்பது என்று வைத்துக்கொண்டால் பிசகாது.

ஜிப்பும் உண்டு. இரண்டு ரன்னர் நடுவில் சந்திக்கிற ஜிப்பில், இரண்டுக்கும் இடையே 3, 4 மி.மீ. ஓட்டை எப்போதும் இருக்கும். சந்திப்பைக் கீழ் மூலைக்குத் தள்ளி, அதன்மேல் ஒரு துணி கிளிப் போடுங்கள். செலவே இல்லாத வேலை.

இப்போது வலை. உங்கள் வலையின் மேல் ஸ்கேலை வைத்து ஃபோட்டோ எடுத்து, ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று இரண்டு திசையிலும் எண்ணுங்கள். வீட்டு ஜன்னலுக்குப் போடும் சாதாரண ஃபைபர் வலை 18-க்கு 16 இழை. கண் ஒவ்வொன்றும் 1.1-க்கு 1.3 மி.மீ. வரும். கொசுவுக்கு இது கோட்டைச் சுவர். பொடிப்பூச்சியின் உடல் அகலம் அரை மி.மீ. அளவுதான் என்பதால் அதற்கு இது திறந்த வாசல். 20-க்கு 20 என்று விற்பதிலும் கண் கிட்டத்தட்ட 1 மி.மீ. இருக்கும், குறைக்கும், நிறுத்தாது. சாதாரண வலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிடலாமே என்பார்கள். இழைகள் மாறிமாறி விழுகிற இடத்தில் அடைபடும், ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில் பழைய ஓட்டையே இருக்கும். நம்ப முடியாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி. ஓசூர், தளி, பாகலூர் சுற்றுவட்டாரத்தில் ரோஜாவும் குடைமிளகாயும் வளர்க்கும் பாலிஹவுஸ்களுக்கு வெள்ளை ஈ, இலைப்பேன் வராமல் பக்கவாட்டில் கட்டுகிற பூச்சி வலை இருக்கிறதே, அதுவேதான் வேண்டும். பாலிஹவுஸ் சாமான் விற்கும் கடையில் 40 மெஷ் என்று கேளுங்கள். அங்குலத்துக்கு 40 இழை, கண் 0.4 மி.மீ. அளவு, பொடிப்பூச்சி நுழையாது. வெயிலுக்குத் தாங்குகிற மாதிரியே செய்தது. 50 மெஷ் இலைப்பேனுக்கானது, நமக்கு அவசியமில்லை, மூச்சு முட்டும். ஜவுளிக்கடை ஆர்கன்சா துணி அவசரத்துக்கு உதவும். இழை உருவிக்கொண்டு ஒரே பருவத்தில் கிழியும்.

பழைய வலையைப் பிய்த்துவிட்டுத் தைக்காதீர்கள். அது கொசுவுக்கு அப்படியே இருக்கட்டும். 40 மெஷ் வலையை உள்பக்கம் தனிச் சட்டமாகச் செய்து வெல்க்ரோவில் மாட்டுங்கள். பூச்சி இல்லாத மாதங்களில் கழற்றிச் சுருட்டி வைத்துவிடலாம். ஜன்னலைவிட நான்கு பக்கமும் 4 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். இந்த வலை ஒற்றை இழை பாலித்தீன். வெட்டிய ஓரம் முள்ளாகக் குத்தும், பிரியும். சால்டரிங் அயர்னால் ஓரத்தை லேசாக உருக்கிவிட்டு, 3 செ.மீ. நைலான் பட்டையை இரண்டு பக்கமும் மடித்து, பாலியஸ்டர் நூலில் இரட்டைத் தையல் போட வேண்டும். தையல்காரர் வலையை இழுத்துப் பிடித்துத் தைத்தால் மாட்டும்போது அலை அலையாகச் சுருங்கி, வெல்க்ரோ ஓரத்தில் மறுபடி இடுக்கு விழும். தளர்வாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு: காற்று. 18-க்கு 16 வலையில் மூன்றில் இரண்டு பங்கு திறப்பு. 40 மெஷ் வலையில் ஐந்தில் இரண்டு பங்குதான். தளியில் இரவு குளிர்ந்துவிடும், தெரியாது. தர்மபுரி, அரூர் பக்கம் பங்குனி இரவில் வெந்துபோவீர்கள். ஆகவே ஃபேன் இல்லாமல் இந்த வலை பாதித் தீர்வுதான்.

ஃபேனில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கூரை எக்ஸாஸ்ட் உள்காற்றை வெளியே தள்ளினால், அதே அளவு வெளிக்காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வலை நெருக்கமாக ஆக ஆக, அது இடுக்குகள் வழியாகவே வரும், பூச்சியையும் அள்ளிக்கொண்டு. நல்ல வலை போட்ட பிறகு கடி கூடிவிட்டது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். திசையை மாற்றுங்கள். ஃபேன் வெளிக்காற்றை உள்ளே தள்ளட்டும். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடினால் ஒவ்வொரு இடுக்கிலும் காற்று வெளியே சீறும். எதிர்க்காற்றில் நீந்தி வர இந்தப் பூச்சிக்குத் தெம்பில்லை. திசை மாற்றும் சுவிட்ச் இருக்கிற ஃபேன் என்றால் ஒரு தட்டு, இல்லையென்றால் வயரைத் தொடாமல் ஃபேனையே கழற்றித் திருப்பி மாட்டுங்கள். உறிஞ்சும் பக்கம் 40 மெஷ் வலையை ஃபேன் மேலேயே ஒட்டாமல், பெட்டி மாதிரிச் சட்டம் கட்டி, ஃபேன் வாயைப் போல நான்கு மடங்கு பரப்பாவது வருகிற மாதிரி வையுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் இரையும், காற்று வராது. சமைக்கும்போது மட்டும் இந்த ஏற்பாட்டை மாற்றி, ஆவியையும் அடுப்புப் புகையையும் வெளியே விடுங்கள்.

இதோடு ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு 12 வோல்ட் சின்ன ஃபேன், கால்மாட்டிலிருந்து உடம்பின் மேல் வீசும்படி. நொடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்கு 11 கி.மீ. வேகக் காற்றில் கியூலிகாய்டஸ் பறக்கத் திணறும். நடுக்கூரையில் ஒரே ஃபேன் வைத்தால் இரு முனைக் கூடாரங்களுக்கும் காற்று எட்டாது, அங்கேதான் எல்லோரும் படுக்கிறோம். 1 ஆம்பியர் இழுக்கிற ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 8 ஆம்பியர்-ஹவர். பேட்டரிக் கணக்கை அப்படிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரமும் விளக்கும். பொழுது சாய்கிற நேரமும் பொழுது விடிகிற நேரமும்தான் இதற்கு வேட்டை நேரம். மாலை ஐந்தரைக்கே ஜிப்பெல்லாம் ஏற்றி, கதவைச் சாத்திவிட வேண்டும். இருட்டிய பிறகு மூடுவது, ஆடு போன பிறகு பட்டியை அடைக்கிற கதை. உள்ளே மஞ்சள் நிற மங்கல் விளக்கு. கதவைத் திறக்கும் முன் அதையும் அணையுங்கள். வெளியே வெள்ளை எல்இடி ஒன்றைக் கதவுக்கு எதிர்ப்பக்கம் 5, 6 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் கூட்டம் அங்கே போகும். கொசு பேட் வீண். இந்தப் பூச்சி கம்பி இடைவெளிக்குள்ளேயே புகுந்து போய்விடும். தப்பி உள்ளே வந்தவை விடிகாலையில் வெளிச்சம் வருகிற பக்க வலையில் உட்கார்ந்திருக்கும். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, முடிந்தது.

இவ்வளவும் பண்ணிவிட்டு மாட்டுக்கொட்டகை பக்கத்தில் நிறுத்தினால் பிரயோசனமில்லை. சாணம் கலந்த சேறு, ஏரி வற்றி வற்றி விடுகிற கரைச்சேறு, நெல்வயல் வரப்பு, எருக்குழி எல்லாம் இதன் பிறப்பிடம். பொதுவாகச் சில நூறு மீட்டருக்குள்தான் பறந்து திரியும். எனவே கொட்டகையிலிருந்தும் ஆட்டுப்பட்டியிலிருந்தும் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, காற்று உங்களைத் தாண்டி அவற்றின் பக்கம் போகும்படி, மேட்டில் நிறுத்துங்கள். தண்ணீரைப் பார்த்தபடி தூங்க ஆசைப்பட்டால் கடியும் சேர்ந்தே வரும். நம் பக்கத்தில் குறைவில்லாமல் கிடக்கிற வெறும் பாறைத்தரைதான் ஆகச் சிறந்த இடம். ஈரம் நிற்காது, காற்று தடைபடாது. அடர்ந்த மாந்தோப்பு பகலுக்கு நிழல், இரவுக்குக் காற்றில்லாத குகை. ஆடிக் காற்றடிக்கிற நாட்களில் தொல்லை தானாகக் குறையும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில்தான் உச்சம். ஒகேனக்கல் ஆற்றோரத்தில் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அங்கே முதலையும் உண்டு, காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் தங்கவும் கூடாது.

வேப்பிலை, நொச்சிப் புகை வெளியே உட்கார்ந்து பேசுகிற வரைக்கும் உதவும். உள்ளே கொண்டுபோகாதீர்கள். கொசுவத்திச் சுருளும் அப்படித்தான்: துணிக்கூடாரம், ஸ்பாஞ்சு மெத்தை, மூடிய சின்ன அறை. தீயும் பிடிக்கும், புகையும் முட்டும்.

மருந்து என்றால், வலைக்கும் துணி ஓரங்களுக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி, துணிக்கென்றே விற்பது. வெளியே வைத்துத் தெளித்து, முழுக்கக் காய்ந்த பிறகே உள்ளே போக வேண்டும். உடம்பில் பூசுவது அல்ல. பூனை இருந்தால் கூடவே கூடாது. உரக்கடையில் விற்கும் வயல் மருந்தைக் கலக்கி வலையில் அடிப்பது ஆபத்து. அதன் வீரியமும் கரைப்பானும் மனிதர் படுக்கிற இடத்துக்கானவை அல்ல. இன்னொன்று கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. மல்பெரித் தோட்டமோ பட்டுப்புழு வளர்ப்பு மனையோ அருகில் இருந்தால் பெர்மெத்ரினை அங்கே வெளியே எடுக்கவே வேண்டாம். காற்றில் போய் இலையில் படிகிற துளி போதும், ஒருவரின் ஒரு மாத உழைப்பு தட்டிலேயே செத்துக் கிடக்கும். தெளிப்பதை ஓசூரில் வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

உடம்புக்குப் பூச்சிவிரட்டி என்றால், டீட் 20 முதல் 30 சதவீதம் உள்ளதோ பிகாரிடினோ பூசலாம். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய கையோடு ஜன்னலின் கண்ணாடித்தாளைத் தொட்டால் விரல் ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும். கேம்பருக்குப் பிகாரிடின் மேல்.

கடித்த இடத்தைச் சொறியாமல் குளிர்ந்த ஒத்தடமும் கலமைன் லோஷனும் வையுங்கள். பெரும்பாலும் சில நாளில் வடியும். ஆனால் புல்லில் உட்கார்ந்து எழுந்த பிறகு இடுப்புப் பட்டை, அக்குள், தொடை இடுக்கில் ஒரு புள்ளி மட்டும் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்காக மாறி, ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அது பொடிப்பூச்சி வேலை அல்ல. புல்லிலிருந்து ஏறுகிற ஒருவகைச் சிற்றுண்ணியின் குட்டி கடித்து வருகிற ஸ்கிரப் டைஃபஸ், உண்ணிக் காய்ச்சல். அந்தக் குட்டி கால் மி.மீ. கூட இல்லை, எந்த வலையும் நிறுத்தாது. மருத்துவரிடம் போய் அந்தப் பொருக்கைக் காட்டி, எங்கே தங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காலத்தோடு மாத்திரை ஆரம்பித்தால் குணமாகிற காய்ச்சல்தான்.